ஆட்சேபம் இருந்தால் மேடைக்கு வரவும்

இரண்டாவதாகப் போனால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே என்று வடிவு தன் கால்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே நடந்தாள். கால்கள் சொல்பேச்சு கேட்கிற ரகம் இல்லை. முன்னால் லூர்தக்காவின் முதுகு, முதுகில் ஊக்கு குத்திய எண் துணி கடல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேலே எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை, அதற்கும் மேலே தூத்துக்குடியின் காலை வெயில், இன்னும் கோபம் ஏறாத வெயில். அந்த முதுகுக்கும் தன் மூக்குக்கும் நடுவே ஒரு தையல் மிஷின் வைக்கிற இடம் விட்டு நடக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, திட்டம் அவ்வளவுதான். மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டி, நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் நடை, மண் தடத்தைப் பன்னிரண்டரை தடவை சுற்ற வேண்டும், நடக்க வேண்டும், ஓடக் கூடாது. ஓடக் கூடாது என்பதில்தான் இந்த விளையாட்டின் குசும்பே இருக்கிறது. எந்நேரமும் ஒரு கால் மண்ணில் இருக்க வேண்டும், முன்னே போட்ட காலின் முழங்கால் மடங்கக் கூடாது, மடங்கினால் தடத்தோரம் கண்கொத்திப் பாம்பாக நிற்கிற நடுவரம்மா அட்டையைக் காட்டிவிடுவார். ஆக, பறக்கத் துடிக்கிற உடம்பைப் பிடித்து வைத்துக்கொண்டே எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போவது. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டு போகும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும், வடிவுக்கே வருகிறது. இடுப்பை ஆட்டி நடக்கிறான் பார் என்று சின்ன வயசு முழுக்கக் கேலி வாங்கியவளுக்கு, இடுப்பை ஆட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்று ஒரு விளையாட்டு உலகத்தில் இருந்திருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். "பெண்கள் எல்லாரும் கோட்டுக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டபோது ஐந்து பேர் போனார்கள், ஐந்தில் ஒருத்தி அவள், யாரும் திரும்பிப் பார்த்து நீ எங்கே வருகிறாய் என்று கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் கேள்வி இல்லை என்று ஆகிவிடாது, அது வடிவுக்கும் தெரியும். செயலாளர் பொன்ராஜ் சார் நல்ல மனுஷர், சண்டை என்றாலே ரத்த அழுத்தம் ஏறுகிறவர், காலையில் ஐந்து பேரையும் மேடைப் பக்கம் கூட்டி வைத்து வேர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "இங்க பாருங்கம்மா, திருநங்கைங்க பெண்கள் போட்டியில நடக்கலாமா கூடாதான்னு நம்ம மீட்ல எழுதி வச்ச ரூல் கிடையாது. மேல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. அதனால நான் ஒரு முடிவு பண்ணிருக்கேன். வடிவு நடக்கட்டும். முடிஞ்ச பொறவு கூட நடந்தவங்கள்ல ஒருத்தருக்கு ஆட்சேபம் இருந்தாலும் மேடைக்கு வந்து வாயால சொன்னா போதும், வடிவு பேர அடிச்சிருவோம். சொல்லலன்னா அவங்க எடுத்த இடம் அவங்களுக்கு." அவ்வளவு பெரிய கேள்வியை நாலு பெண்களின் வாயில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அவர் மோர் குடிக்கப் போய்விட்டார். வடிவு தையல்காரி, அந்த இடத்திலேயே மனசுக்குள் துணியை விரித்துத் திட்டத்தை வெட்டிவிட்டாள். முதல் இடம் வருகிறவர்தான் மாநிலப் போட்டிக்குப் போவார், அது வருஷா வருஷம் லூர்தக்கா போகிற இடம், அதில் கை வைத்தால் ஆட்சேபம் நிச்சயம். இரண்டாவது இடத்துக்கு ஒரு சான்றிதழும் ஒரு சின்ன வெள்ளிப் பதக்கமும். ஒரு சான்றிதழுக்காக யார் மேடை ஏறுவார்கள்? ஆகவே இரண்டாவது. ஆனால் வருஷா வருஷம் அந்த இரண்டாவது இடத்தில் வருகிறவர் ராஜபுஷ்பம் டீச்சர், கணக்கு வாத்திச்சி, இப்போது பின்னால் மூன்றாவதாகத் தஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி வந்துகொண்டிருக்கிறார், அவர் இடத்தைத்தானே எடுக்கிறோம். அப்படியானால் மூன்றாவதாகப் போகலாமா. மூன்றாவது வரக்கூடியவள் தபாலாபீஸ் செர்மக்கனி, பாவம், ஜென்மத்தில் ஒரு பதக்கமும் வாங்காதவள். நாலாவது? அங்கே இருக்கிற அம்மாவுக்குத் தன் பேரப்பிள்ளைகள் முன்னால் கடைசியாக வரக்கூடாது என்று ஒரு ரோஷம். ஐந்தாவதாகப் போனால் இப்படி நிதானமாகப் போகிறவள் எதற்கு வந்தாள் என்று கேட்பார்கள். யாருக்குமே ஆட்சேபம் இல்லாத இடம் எது என்று தேடிக்கொண்டே போனால் மைதானத்தைத் தாண்டி காம்பவுண்டுச் சுவர் மேல் போய் உட்கார வேண்டியதுதான், அங்கேயும் சுண்டல் விற்கிறவர் இது நான் வழக்கமாக உட்கார்கிற இடம் என்பார். வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் மூச்சு தப்பும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு கட்டைவிரல் தள்ள வேண்டும், குதிகால், பாதம், விரல், தையல் மிஷின் மிதிக்கிற அதே கால்தான் இது, முப்பது வருஷமாக மிதித்த கால். மண் இன்னும் காலைப் பனியில் ஈரமாக இருக்கிறது, சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று தெரிகிறது, உப்பளப் பக்கமிருந்து வருகிற காற்று வளைவு திரும்பும்போது முகத்தில் அடிக்கிறது, திரும்பி முடித்ததும் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. ஆஹா, எவ்வளவு நன்றாக இருக்கிறது. இந்த உடம்பு இப்படி நன்றாக இருக்கும் என்று பதினாறு வயதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். அப்போது வேறு பேர், வேறு வரிசை, பையன்களோடு இதே மாதிரி ஒரு தடத்தில் இதே நடைப்போட்டி, ஒரு தடவைகூட முதல் மூன்றில் வந்ததில்லை, அப்போதும் முழுசாக நடக்கவில்லையோ, இடுப்பு ஆடிவிடக் கூடாதே என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தால் எப்படி முன்னால் வர முடியும். ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஒரு நாள் கடையைப் பெருக்குவதற்காகத் தையல் மிஷினைத் தூக்கப் போனாள், தூக்க முடியவில்லை. எப்போதும் ஒற்றை ஆளாகத் தூக்கி வாசலில் வைக்கிற மிஷின். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள், வைத்து முடித்ததும் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள், அவர் என்ன விசேஷம் என்று முழித்தார். பலம் போனதற்கு இனிப்பு கொடுத்தவள் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் பலம் போயிற்று, உயரம் போயிற்றா? காலின் நீளம் குறைந்ததா? லூர்தக்கா இவள் காது வரைக்கும்தான் இருப்பார், மூன்று எட்டு வைக்கிற இடத்தில் இவளுக்கு இரண்டரை போதும். அதே லூர்தக்காவுக்கு ஜாக்கெட் தைக்க அளவு எடுத்தபோது நாடா சொன்னது, அவர் தோள் வடிவின் தோளைவிட ஒரு விரற்கடை அகலம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற தோள், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து உருண்ட தோள். ஊரில் எத்தனையோ பெண்களை அளந்தாயிற்று, ஒருத்தி மாதிரி இன்னொருத்தி கிடையாது, எல்லாரும் ஒரே அளவாக இருந்தால் டெய்லருக்கு என்ன வேலை. இதைச் சொல்லி வாதாடலாம். வாதாடிப் பார்த்தாள், மனசுக்குள்தான், ஆனால் மனசுக்குள் எதிர்த்தரப்பிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். தோள் வேறு, பையனாக வளர்ந்த வருஷங்களில் எலும்புக்குள் போனது வேறு இல்லையா? எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதை எந்த நாடாவை வைத்து அளப்பது?

ராஜபுஷ்பம் டீச்சர் இதையேதான் காலையில் குழாயடியில் கேட்டார், முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராக. "வடிவு, எனக்கு ஒளிச்சு வச்சுப் பேசத் தெரியாது. நீங்க பொம்பளதான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா பந்தயம்னு வரும்போது, அந்த வயசுல உடம்புல ஏறுனது முழுசா இறங்கிருச்சான்னு எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ண சரின்னு சொல்ல எனக்கு வரல." வடிவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "எனக்கும் தெரியல டீச்சர்" என்றாள். டீச்சர் கைப்பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து வடிவின் உள்ளங்கையில் கொட்டினார், "வாயில போட்டுக்கோங்க, வெயில் ஏறப்போகுது." நாக்கில் அந்தக் குளுக்கோஸின் குளிர்ச்சி இப்போதும் இருக்கிறது மாதிரி ஒரு பிரமை. அதைத்தான் வடிவால் ஜீரணிக்க முடியவில்லை. திட்டுகிறவர்களைப் பழகியாயிற்று, தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களையும் பழகியாயிற்று, எனக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் கொடுக்கிறவரை எந்தப் பெட்டியில் வைப்பது. அந்தக் காலத்தில் ஒரு தடவை திருச்செந்தூர் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், புதுச் சேலை, புது வளையல், உட்கார்ந்த சந்தோஷமே தாங்க முடியவில்லை, கண்டக்டர் வந்து ஒன்றும் சொல்லவில்லை, நின்றார், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்தார்கள். அவளாகவே எழுந்து நின்றுகொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது, யாரும் எழுந்திரு என்று சொல்வதற்கு முன்னால் எழுந்துவிடுவது, யாரும் நகரு என்பதற்கு முன்னால் நகர்ந்துவிடுவது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார மாட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். இதோ, இப்போதும் பசிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு நடக்கிறாள், லூர்தக்காவுக்குப் பின்னால், ஒரு தையல் மிஷின் இடம் விட்டு, கால்கள் இரண்டும் கொலைப்பட்டினியாக.

முன்னால் இருந்த முதுகு திடீரென்று பெரிசாயிற்று. லூர்தக்கா வேகத்தைக் குறைக்கிறார். கால் சதை இழுத்துப் பிடித்துவிட்டதோ, நாற்பத்தெட்டு வயசு, விடியக்காலையிலேயே வேனில் ஒரு நடை ட்யூஷன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருக்கிறார். வடிவும் குறைத்தாள். முதுகு இன்னும் பெரிசாயிற்று. இன்னும் குறைத்தாள். பார்வையாளர் காலரி பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள், ஏனென்றால் இரண்டு பேரும் இப்போது நடைப்போட்டி நடக்கவில்லை, சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள், பின்னால் டீச்சரின் தஸ்புஸ் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. லூர்தக்கா சட்டென்று தலையைத் திருப்பினார், கண் இரண்டும் பள்ளிக்கூட வேனின் ஹெட்லைட் மாதிரி எரிந்தது, அது சோர்ந்த ஆளின் முகம் இல்லை. "ஏட்டி வடிவு, என்ன நடக்கு இங்க? நான் நின்னா நீயும் நிப்பியோ?" ஒன்றுமில்லைக்கா என்றாள் வடிவு. "ஒண்ணுமில்லியா? மூணு ரவுண்டா பாக்கேன், ஒனக்கு மூச்சே வாங்கல. எனக்கு இங்க நாக்கு வெளிய தள்ளுது, நீ பாட்டுக்கு எனக்குப் பின்னால ஊர்கோலம் வாற. எனக்கு விட்டுக்குடுக்கியோ? ஏ, எனக்கா விட்டுக்குடுக்க?" நடந்துகொண்டேதான் கத்தினார், முழங்கால் மடங்கவில்லை, கோபத்திலும் சட்டம் தவறாத முழங்கால். வடிவுக்கும் எங்கிருந்தோ கோபம் வந்தது, அவளுக்கே ஆச்சரியம், பஸ்ஸில் வந்திருக்க வேண்டிய கோபம் இத்தனை வருஷம் தாமதமாக இப்போது வந்து இறங்கியது. "பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க? முன்னால போனா ஆட்சேபம் சொல்லிருவீங்க. பேர அடிச்சிருவாங்க. பேர் இருக்கணும்னுதான் பின்னால வாறேன்." "சொல்லுவேனோ மாட்டேனோ, அது என் வாய்ட்டி. நடக்கது ஒன் கால். என் வாய்க்கு நீ ஏன் கணக்குப் போடுத?" சொல்லி முடிக்கவில்லை, டீச்சர் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேசிட்டு மெதுவா வாங்க" என்றார். லூர்தக்கா ஒரு நொடி வாயைப் பிளந்தார். "போச்சு, கணக்கு டீச்சர் போயிட்டா. நட, நாயே, நட!" என்று வடிவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், சத்தியமாக அது விதிப்படி தப்பு, நடுவரம்மா அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தாள். இடுப்பை அவிழ்த்துவிட்டாள். அதற்கு வேறு வார்த்தை இல்லை, கட்டி வைத்திருந்த ஒன்றை அவிழ்த்துவிட்டாள், குதிகால் விழுந்த இடத்தில் மண் திருப்பி உதைத்தது, கை இரண்டும் தானாக வீச ஆரம்பித்தது, காற்று வந்து காதுக்குள் கத்தியது. இரண்டாவது எங்கே, முதலாவது எங்கே, ஒரு இடமும் ஞாபகம் இல்லை, தொடை எரிகிறது, விலாவில் குத்துகிறது, அம்மாடி என்ன சுகம். பக்கத்தில் லூர்தக்கா, பின்னால் இல்லை, முன்னால் இல்லை, தோளோடு தோள், அந்த ஒரு விரற்கடை கூடுதல் அகலத் தோள் இடித்து இடித்து வருகிறது. வளைவில் டீச்சரைத் தாண்டினார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக, டீச்சர் "ம்ம், வந்துட்டாங்க" என்று பெருமூச்சு விட்டார். தாண்டும்போது வடிவுக்கு ஒரு கணம் நெஞ்சு சுருக்கென்றது, அந்தச் சுருக்கும் உண்மைதான், அது அங்கேயே இருக்கட்டும், அதையும் தூக்கிக்கொண்டு நடக்கலாம். குட்டைக் காலுக்கு எத்தனை வேகம்! லூர்தக்காவின் கால்கள் தையல் ஊசி மாதிரி மண்ணில் இறங்கி ஏறுகின்றன, தான் இரண்டு வைக்கிற நேரத்தில் அவர் மூன்று வைக்கிறார், நீளக்கால் நீளக்கால் என்று பயந்தாயே, இந்தக் காலுக்கு முன்னால் உன் நீளத்தை வைத்து என்ன செய்வாய். நடுவரம்மா மஞ்சள் அட்டையை நீட்டினார், ஜாக்கிரதை, கால் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது என்று எச்சரிக்கிற அட்டை, அது யாருக்கு என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கடைசிச் சுற்றின் மணி அடித்தது, கோயில் மணி மாதிரி கணீரென்று இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய மணி, தகரச் சத்தம், அதற்கே உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடாதே. பறந்துவிடலாம் போல் இருந்தது. ஒரு கால் மண்ணில் இருக்கட்டும், ஒன்றே ஒன்று, அதுதான் சட்டம், அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். காலரியில் யாரோ "விடாத வடிவக்கா!" என்று கத்தினார்கள், யாரென்று தெரியவில்லை, ஜாக்கெட் தைத்துக் கொடுத்த யாரோவாக இருக்கும், அக்கா என்று கத்திய அந்தக் குரலை அப்படியே மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. கடைசி நேர்க்கோட்டில் இருந்த பலத்தையெல்லாம் கொட்டினாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை, சத்தியமாக வைக்கவில்லை, லூர்தக்காவின் தோள் ஒரு விரல் முன்னால் போயிற்று, பிறகு ஒரு சாண், கோடு வந்தது, முடிந்தது. தோற்றுவிட்டாள். இரண்டாவது. காலையிலிருந்து ஆசைப்பட்ட அதே இரண்டாவது இடம், ஆனால் இப்போது அது வேண்டாம் என்று இருந்தது, ஜெயித்திருக்கலாமே என்று இருந்தது, ஜெயித்திருக்கலாமே என்று இருந்ததில் அழுகை வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது, மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். டீச்சர் வந்து சேர்ந்ததும் ஈரத் துண்டைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டார்.

"ஆட்சேபம் இருக்கிறவங்க மேடைக்கு வரலாம்" என்று பொன்ராஜ் சார் மைக்கில் சொன்னார், யாரும் வந்துவிடக் கூடாதே என்கிற குரலில். வடிவு எழுந்து உட்கார்ந்தாள். யார் வருவார்கள், லூர்தக்கா ஜெயித்தாயிற்று, அவருக்கு மாநிலப் போட்டி உறுதி, டீச்சர் வேண்டுமானால் போகலாம், போனால் தப்புச் சொல்ல முடியாது. டீச்சர் நகரவில்லை, துண்டை மறுபடியும் நனைத்துக்கொண்டிருந்தார். லூர்தக்கா நடந்தார், மேடைக்கு, நேராக, மண் ஒட்டிய காலோடு. வடிவுக்குக் கால் இரண்டும் மறுபடியும் பஸ்ஸுக்குள் போய்விட்டன, எழுந்துவிடு, சொல்வதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடு என்றது உள்ளே ஒன்று. எழுந்தாள், ஆனால் வாசலுக்குப் போகவில்லை, மேடைக்குத்தான் போனாள், போவதென்றால் காது கொடுத்துக் கேட்டுவிட்டே போகலாம் என்று. "இருக்கு சார் ஆட்சேபம்" என்றார் லூர்தக்கா. பொன்ராஜ் சார் முகம் விழுந்துவிட்டது, பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், வடிவைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தார். "சரிம்மா. வடிவு பேர அடிச்சிரலாம்." "அவ பேர எதுக்கு அடிக்கிய? என் பேர அடிங்க." "என்னம்மா சொல்லுத, நீதானே ஜெயிச்ச?" "அதான் சார் எனக்கே சந்தேகம். மொத எட்டு ரவுண்டு இவ நடக்கவே இல்ல, எனக்குப் பின்னால உலாத்திக்கிட்டு வந்தா. கடைசியிலதான் நடந்தா. மொதல்லயே நடந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா, இவ ஜெயிச்சிருப்பாளா, எனக்குத் தெரியணுமா வேண்டாமா? மிச்சம் வச்சுக் குடுத்தத வாங்கிக் கழுத்துல போட்டுகிட்டு நான் வேன் ஓட்ட முடியாது. நாளைக்கும் மீட் இருக்குல்லா? காலையில மறுபடி நடத்துங்க." "அப்படியெல்லாம் ரூல் இல்லம்மா." "இவளுக்கும்தான் ரூல் இல்லன்னீங்க, நடத்தலியா?" பொன்ராஜ் சார் பேனா மூடியை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார். டீச்சர் துண்டோடு வந்து சேர்ந்தார். "சார், எனக்குக் காலையில இருந்த ஆட்சேபம் அப்படியேதான் இருக்கு, இவங்க ரெண்டு பேரும் எவ்வளவு அழகா நடந்தாலும் அதுக்குப் பதில் கிடைச்சிராது. அத நான் இன்னொரு நாள் எழுத்துல தாறேன், மேல இருக்கவங்க ஒரு முடிவு சொல்லட்டும். நாளைக்கு நானும் நடக்கேன். இவங்க நடுவுல நின்னு சண்டை போட்டா எனக்குத்தானே லாபம்." லூர்தக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை, வடிவின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "நாளைக்கும் பின்னால வந்தேன்னு வையி, அப்ப வாறேன் மேடைக்கு, நானே ஒன் பேர அடிக்கச் சொல்லுவேன். நீ என்ன சொல்லுத?" எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவளைப் பற்றித்தான் பேச்சு, அவளிடம் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்டதும் பசிக்கவில்லை என்கிற பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. "நாளைக்கு நான் ஜெயிக்கத்தான் வருவேன்க்கா" என்றாள். மேஜை மேல் இருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அவள் குரல், கூட்டத்தில் உயர்ந்துவிடாமல் எப்போதும் தணித்தே வைத்திருந்த அந்தக் கனத்த குரல், மைதானம் முழுக்கப் போய் காம்பவுண்டுச் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. வடிவு அதை முழுசாகக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.